டிஷ் முடிவு வரும்வரை மற்ற சினிமா பள்ளி விண்ணப்பங்களை நிறுத்தி வைக்கலாமா?

எடிசன் அம்மா:

வணக்கம். பிள்ளைகளைச் சினிமா படிக்க அனுப்பியவர்கள் யாராவது இங்கே இருந்தால் கொஞ்சம் பதில் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றியும் மெடிசின் பற்றியும் இங்கே எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். சினிமா பள்ளி என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் (என்.ஒய்.யு.) டிஷ் கலைப் பள்ளியில் ஃபிலிம் அண்ட் டெலிவிஷன் படிப்புக்கு எர்லி டிசிஷன் முதல் சுற்றில் விண்ணப்பித்திருக்கிறாள். நவம்பர் 1 கடைசித் தேதி. டிசம்பர் 15க்குள் முடிவு தெரிந்துவிடும். கிடைத்தால் கட்டாயம் சேர வேண்டும், மற்ற விண்ணப்பங்களையெல்லாம் திரும்பப் பெற வேண்டும். அவளும் நாங்களும் பள்ளிக் கவுன்சலரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

அவள் அனுப்பிய படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கே நியூ ஜெர்சி எடிசனில், ஓக் ட்ரீ ரோடில் ஒரு கடையின் மாடியில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றிய ஏழு நிமிடப் படம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், துணி மலையாகக் குவிந்திருந்த நேரத்தில் எடுத்தாள். பள்ளிக் கேமரா, அந்த அறையின் ஒரே ஜன்னல் வெளிச்சம், அவ்வளவுதான். தையல் மெஷின் சத்தத்தில் பேச்சு சரியாக விழவில்லை. அதனால் பேச்சையே பெரும்பாலும் எடுத்துவிட்டு, மெஷின் ஓடுவதையும் நிற்பதையும் வைத்தே காட்சிகளை வெட்டினாள். அந்தக் கடைக்கு நான் வருடக்கணக்காகப் போகிறேன். அந்த அம்மா குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே வாடிக்கையாளருக்குத் தலையாட்டி பதில் சொல்வார் என்பதை இந்தப் படத்தில்தான் முதன்முதலாகக் கவனித்தேன். எனக்குச் சினிமா தெரியாது. ஆனால் என் பெண்ணுக்குப் பார்க்கத் தெரிகிறது என்று அன்று புரிந்தது. அதனால்தான் வீட்டில் யார் என்ன சொன்னாலும் நான் அவள் பக்கம் நிற்கிறேன்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், அவள் கை அப்படியே நின்றுவிட்டது. கலிஃபோர்னியாவில் உள்ள யு.எஸ்.சி. சினிமா பள்ளிக்கு டிசம்பர் 1 கடைசி நாள் என்பதால் அதை மட்டும் எப்படியோ முடித்து அனுப்பினாள். எங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸின் மேசன் கிராஸ் கலைப் பள்ளிக்கு முன்பே போட்டாகிவிட்டது. இன்னும் எமர்சன், சாப்மன், பர்ச்சேஸ் என்ற மூன்று கல்லூரிகள் பாக்கி. "டிஷ் கிடைத்தால் இதெல்லாம் வேண்டாம், கிடைக்கவில்லை என்றால் அப்புறம் எழுதுகிறேன்" என்கிறாள். நான் இன்னும் கொஞ்சம் பேசிப் பார்த்தேன். மனம் முழுக்க ஒரு இடத்தில் இருக்கும்போது, இன்னொரு பள்ளிக்கு "உங்களிடம்தான் படிக்க ஆசை" என்று எழுதுவது பொய் சொல்வது போல இருக்கிறதாம். அதை நான் தள்ளிவிட முடியாது. பொய் எழுத வராத பிள்ளை என்பது எனக்குப் பெருமைதான். ஆனால் தேதி ஓடுகிறதே.

ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து பார்த்தால் போன் வெளிச்சம் தெரிகிறது. டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் அதே படிப்புக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். யார் எந்த விழாவில் பரிசு வாங்கினார், யாரிடம் என்ன கேமரா இருக்கிறது, இதுதான் பேச்சு. தேங்க்ஸ்கிவிங் அன்று நண்பர் வீட்டில் ஒரு அக்கா, "சினிமாவா? சரி, கூடவே வேறென்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

என் கணவருக்குப் பணக் கவலை. வருடத்துக்கு 90,000 டாலருக்கு மேல் ஆகும் இடம் அது. கல்லூரியின் செலவுக் கணக்கியில் எங்கள் வருமானத்தைப் போட்டுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டோம். அதில் வந்த தொகை சிரமம்தான், முடியாதது இல்லை. நிஜத்தில் அந்த அளவு உதவி வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்.

மீதி விண்ணப்பங்களை இப்போதே முடிக்கச் சொல்வதா, இல்லை முடிவு வரும்வரை விட்டுவிடுவதா? முடிவு வரும் நாளில் நாங்கள் பக்கத்தில் இருப்பது நல்லதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


ஃப்ரீமான்ட் அப்பா:

சகோதரி, வணக்கம். என் மகன் சாப்மன் பல்கலைக்கழகத்தின் டாட்ஜ் கல்லூரியில் மூன்றாம் வருடம். அவன் முதலில் ஆசைப்பட்டது வேறொரு பள்ளி, பெயர் வேண்டாம். அங்கே எர்லி டிசிஷன் போட்டு, டிசம்பர் நடுவில் இல்லை என்று பதில் வந்தது. அதனால் சொல்கிறேன், மீதியை முடிவு வருவதற்கு முன்பே முடித்துவிடச் சொல்லுங்கள்.

டிசம்பர் 15க்கும் ஜனவரித் தேதிகளுக்கும் நடுவே நாள் இருக்கிறதே என்று தோன்றும். மற்ற படிப்பு என்றால் அது போதும், ஏற்கெனவே எழுதிய கட்டுரையைக் கொஞ்சம் மாற்றி அனுப்பிவிடலாம். சினிமா பள்ளிக்கு அப்படி முடியாது, ஒவ்வொரு இடத்துக்கும் புதிதாக ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். என் மகன் விண்ணப்பித்த வருடம் சாப்மனில் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு படம் கேட்டார்கள். அது விண்ணப்பிக்கிறவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஆனால் அவர் அதில் தோன்றக் கூடாது.

இவன் எதற்கும் தாமதமாகவே வருகிற பையன். அதனால் தனக்காகக் காத்திருப்பவர்களையே எடுத்தான். காரில் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு அவன் அம்மா, குளியலறைக் கதவுக்கு வெளியே துண்டோடு தங்கை, மைதானத்தில் கடிகாரத்தைப் பார்க்கும் ஓட்டப் பயிற்சியாளர், ஆறிப்போன தோசைக்கு முன்னால் நான். கடைசி ஷாட்டில் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள், அத்தோடு முடிந்துவிடும். அதை அவன் நவம்பர் கடைசியில், சிரித்துக்கொண்டே எடுத்தான். பிறகு அந்த முடிவு வந்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். அந்த வாரத்தில் அப்படி ஒரு படத்தை அவனால் எடுத்திருக்கவே முடியாது. எந்தப் பதினேழு வயதுப் பிள்ளையாலும் முடியாது என்றுதான் நினைக்கிறேன். அடிபட்ட கையோடு எழுதினால் எழுத்து முழுக்க அந்த வலிதான் இருக்கும். அதைப் படிக்கப் போகிறவர்களுக்கு அந்த வலியோடு சம்பந்தம் இல்லை.

இன்னொன்று. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பள்ளி மூடிவிட்டால் கவுன்சலரும் கிடைக்க மாட்டார், ஆசிரியர்களும் கிடைக்க மாட்டார்கள். பாக்கியுள்ள மூன்று இடங்களுக்கும் மதிப்பெண் பட்டியலும் பரிந்துரைக் கடிதமும் போய்விட்டனவா என்று இந்த வாரமே பாருங்கள். இது அம்மா அப்பா செய்யக்கூடிய வேலை, அவளைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

பொய் எழுத வரவில்லை என்கிறாளே, அது நல்ல குணம். அப்படியானால் உண்மையாகவே பிடித்த ஒன்றை அந்தப் பள்ளியில் கண்டுபிடிக்கட்டும். 2023இல் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரைச் சேர்ந்து வாங்கிய டேனியல் குவானும் டேனியல் ஷைனெர்ட்டும் சந்தித்துக்கொண்டது எமர்சனில். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரை எடுத்த டஃபர் சகோதரர்கள் படித்தது சாப்மனில். 'மூன்லைட்' படத்தை எடுத்த பேரி ஜென்கின்ஸ் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இவர்கள் யாரும் இரண்டாம் தரம் இல்லை. தயவுசெய்து வீட்டில் "பேக்அப்" என்ற பேச்சே வேண்டாம். நான்கு வருடம் அந்தப் பிள்ளை இருக்கப்போகிற இடமாகக்கூட அது ஆகலாம்.


ஸ்கார்பரோ பிரியா அக்கா:

எடிசன் தங்கச்சி, நான் டொராண்டோ பக்கம். எங்கட மகள் இங்கே டொராண்டோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தில் படம் படிக்கிறாள். ஒன்டாரியோவில் உங்களுடைய எர்லி டிசிஷன் மாதிரி ஒன்றும் இல்லை. ஜனவரியில் விண்ணப்பம், பிறகு போர்ட்ஃபோலியோ (பிள்ளையின் படைப்புகளின் தொகுப்பு), அதற்குப் பிறகு வசந்த காலம் முழுக்க ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாள் பதில் வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வந்துவிடும், எங்களுக்கு வராது. இந்த நாளுக்குள் என்று தேதி தெரிந்து காத்திருப்பது ஒரு விதத்தில் நல்லது என்று எனக்குப் படுகிறது.

ஃப்ரீமான்ட் அண்ணா சொல்வது சரிதான். ஆனால் நாளைக்கே உட்கார்ந்து எழுது என்று சொல்ல வேண்டாம். யு.எஸ்.சி. வேலை முடிந்து சில நாள்தானே ஆகிறது. ஒரு வார இறுதி முழுக்க ஒன்றும் கேட்காமல் விடுங்கள். நித்திரை கொள்ளட்டும். களைத்த பிள்ளையிடம் நாங்கள் திட்டம் போட்டுப் பேசினால் அது கோபமாகத்தான் திரும்பி வரும்.


குயின்ஸ் எடிட்டர்:

ஆன்ட்டி, நான் டிஷ்ஷில் படித்தவன். நானும் நியூ ஜெர்சிதான், ஓக் ட்ரீ ரோடு எனக்கு நன்றாகத் தெரியும். 2018 டிசம்பரில் நீங்கள் இப்போது இருக்கும் இதே வாரங்களை என் வீடும் பார்த்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், அங்கிளும் படிக்கட்டும்.

முதலில் அந்த டிஸ்கார்ட். அங்கே பட்டியல் போடுகிற யாருடைய எழுத்தையும் படத்தையும் உங்கள் பெண் பார்க்கவில்லை. பரிசையும் கேமராவையும்தான் பார்க்கிறாள். டிஷ்ஷில் படிப்பு மதிப்பெண்ணை ஒரு பக்கமும் போர்ட்ஃபோலியோவை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்க்கிறார்கள். என் வகுப்பில் சேர்ந்த பிறகு நாங்கள் எங்கள் விண்ணப்பங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம். ஒருத்தி வெறும் பென்சில் ஓவியங்கள் அனுப்பியிருந்தாள். இன்னொருவன் படமே எடுத்தது கிடையாது, நான்கு பக்கம் எழுதி மட்டும் அனுப்பியிருந்தான். பெரிய வாடகைக் கேமராவில் எடுத்தவர்களும் இருந்தார்கள். எது எடுபட்டது என்று அந்தப் பட்டியல்களை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவள் அனுப்பியது அனுப்பியதுதான், இனி ஒரு ஃபிரேமையும் மாற்ற முடியாது. அட்மிஷன் ஆபீஸுக்கு மின்னஞ்சல் அனுப்பி விசாரிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அதனால் எதுவும் முன்கூட்டித் தெரியாது. போர்ட்டலில் ஏதாவது ஆவணம் வரவில்லை என்று காட்டினால் மட்டும் உடனே கேட்க வேண்டும்.

பேச்சை எடுத்துவிட்டு மெஷின் சத்தத்தில் வெட்டினாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டிஷ்ஷில் முதல் வருடமே 'சவுண்ட் இமேஜ்' என்று ஒரு வகுப்பு உண்டு. படத்துக்கு முன்னால் ஒலி. ஒலியை வைத்தே கதை சொல்லிப் பழக வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது கஷ்டம், ஏனென்றால் எல்லோரும் பள்ளியில் படம் பிடித்துத்தான் வந்திருப்பார்கள், காது கொடுத்து வந்திருக்க மாட்டார்கள். அவளுக்கு எங்கே கிடைத்தாலும் இந்த ஒன்றை விடக் கூடாது.

அங்கிள் கேட்பதற்கு வருகிறேன். அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? கேமரா கிடைக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டாம் வருடம் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற வகுப்பில் நான்கு பேர் ஒரு குழு. ஒவ்வொருவரும் ஐந்து குறும்படங்கள் இயக்க வேண்டும். நீங்கள் இயக்காத நாட்களில் மற்ற மூவருக்காக ஒளிப்பதிவு, ஒலி, லைட் என்று மாறி மாறி நிற்க வேண்டும். ஆக, உங்கள் படத்துக்காக ஓடிய நேரத்தைப் போல மூன்று மடங்கு பிறருடைய படத்துக்காக ஓடியிருப்பீர்கள். குளிரில் பூம் மைக்கைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, நமக்குப் பிடிக்காத கதைக்காகவும் முழு மனதோடு நிற்பதற்கு அங்கே பழகினேன். இப்போது வேலை கிடைப்பது அந்தப் பழக்கத்தால்தான். அந்த நான்கு பேரில் ஒருத்திதான் என்னை இப்போதுள்ள எடிட்டிங் அறைக்குக் கூட்டி வந்தாள்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். முதல் வருடத்தில், 2020 மார்ச்சில் கோவிட்டால் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். சினிமா வகுப்பை எடிசனில் என் படுக்கையறையிலிருந்து முடித்தேன். 2023 மே மாதம் பட்டம் வாங்கினேன். அந்த மே 2ஆம் தேதிதான் ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர் சங்கத்தின் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூலை 14 முதல் நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள், அது நவம்பர் வரை போனது. நியூயார்க்கில் படப்பிடிப்பு பெரும்பாலும் நின்றுவிட்டது. என் வகுப்பில் யாருக்கும் வேலை இல்லை. நான் நியூ ஜெர்சியில் தமிழ்க் கல்யாண வீடியோக்கள் எடிட் செய்து வாடகை கட்டினேன். நாதஸ்வரம் முகூர்த்தத்தில் எந்த இடத்தில் உச்சத்துக்குப் போகும், அதற்கு எந்த ஷாட்டை வைக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போது கற்றது, இன்றும் கை கொடுக்கிறது. டிஷ் பட்டம் வேலைக்கு உத்தரவாதம் இல்லை. இப்போது என்னுடன் வேலை செய்பவர்களில் ரட்கர்ஸ், ப்ரூக்ளின் காலேஜ், பர்ச்சேஸ் என்று எல்லா இடத்திலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். கடன் குறைவாக இருப்பவர்களால் சம்பளம் குறைந்த, ஆனால் நல்ல படங்களுக்குத் துணிந்து 'சரி' சொல்ல முடிகிறது. இதை அங்கிள் கட்டாயம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முடிவு நாள் பற்றி. அவளிடமே கேளுங்கள், முன்கூட்டியே கேளுங்கள். தனியாகப் பார்க்க வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள். என் அப்பா அன்று வேலைக்குப் போகாமல் ஹாலிலேயே நடந்துகொண்டிருந்தார். அன்பில்தான் செய்தார், ஆனால் கதவுக்கு வெளியே அந்தச் செருப்புச் சத்தம் கேட்கக் கேட்க என் கை நடுங்கியது. வீடியோ எடுக்காதீர்கள். ஊரில் யாருக்கும் தேதி சொல்லாதீர்கள். சொன்னால் அன்று ராத்திரி எல்லோரிடமிருந்தும் போன் வரும், பதில் இல்லை என்றால் அதை ஒவ்வொருவருக்கும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.


டாலஸ் அம்மா:

பண விஷயம் எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். என் மகள் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ரேடியோ டெலிவிஷன் ஃபிலிம் படிக்கிறாள்.

எர்லி டிசிஷன் ஒப்பந்தத்திலேயே ஒரு வழி இருக்கிறது. நிதியுதவி கேட்டு விண்ணப்பித்து, கல்லூரி தரும் தொகை படிக்கப் போதவில்லை என்றால், அந்தக் காரணத்தைச் சொல்லி விலகலாம். ஆனால் உதவிக்கு முறையாக விண்ணப்பித்திருக்க வேண்டும். ஃபாஃப்சா, சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற நிதியுதவிப் படிவங்கள் இரண்டையும் அந்தச் சுற்றுக்கான தேதிக்குள் அனுப்பிவிட்டீர்களா என்று உடனே பாருங்கள். உதவிக் கடிதம் வந்ததும் செலவுக் கணக்கியில் வந்த தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் உடனே நிதியுதவி அலுவலகத்தில் பேசுங்கள். மறுபரிசீலனை கேட்கலாம். இரண்டாவது பிள்ளையின் படிப்பு, மருத்துவச் செலவு, ஊரில் பெற்றோருக்கு அனுப்பும் பணம் என்று படிவத்தில் இடம் இல்லாதவை எல்லாவற்றையும் கடிதமாக எழுதி, ஆதாரத்தோடு கொடுக்கலாம். இந்தப் பேச்சு முடிவதற்கு முன்பே மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுவிடாதீர்கள். உதவித் தொகை உறுதியாகி, சேருவது முடிவான பிறகு உடனே செய்துவிடுங்கள், அது நேர்மை.

உங்கள் வீட்டில் கிரீன் கார்டு இருக்கலாம். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரர்களின் குடும்பத்துக்கானது) உள்ள பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. வளாகத்தில் வேலை செய்ய முடியாது. சினிமாவில் இது பெரிய அடி, ஏனென்றால் இந்தத் துறையில் கோடைக்காலப் பயிற்சி வேலைகளில்தான் ஆள் பழக்கமே தொடங்குகிறது, சம்பளம் தரும் எதையும் அவர்கள் தொட முடியாது. 21 வயதானால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். படித்து முடித்த பிறகு எஃப்-1இல் வேலை செய்ய 12 மாதம் கிடைக்கும். பொறியியல் படித்தவர்களுக்கு உள்ள 24 மாத நீட்டிப்பு சினிமா தயாரிப்புப் படிப்புக்குப் பொதுவாக இல்லை. என் மகளும் எச்-4தான். டெக்சாஸில் எச்-4 பிள்ளைகளும் மாநிலவாசிக் கட்டணத்தில் படிக்க முடியும் என்பதால் அவள் எர்லி டிசிஷன் பக்கமே போகவில்லை. அழுதாள். இன்று ஆஸ்டினில் நன்றாக இருக்கிறாள். ஆனால் அன்று அழுததற்கு நியாயம் இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். பத்து வருடத்துக்கு மேலாகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பங்களின் பிள்ளைகள், இங்கேயே வளர்ந்தவர்கள், வெளிநாட்டு மாணவர்களாக விண்ணப்பிக்க வேண்டியிருப்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.


எடிசன் அம்மா:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டாலஸ் அம்மா, எங்களுக்கு நான்கு வருடத்துக்கு முன்னால் கிரீன் கார்டு வந்துவிட்டது. அதுவரை நானும் எச்-4இல் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தவள்தான். உங்கள் மகளின் நிலை எனக்குப் புரிகிறது. அவளுடைய படங்கள் எங்காவது பார்க்கக் கிடைத்தால் சொல்லுங்கள்.

ஃபாஃப்சாவும் சி.எஸ்.எஸ். புரொஃபைலும் நவம்பரிலேயே போய்விட்டன, என் கணவர் எடுத்துக் காட்டினார். விலகும் வழி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் முகம் தெளிந்தது. இரண்டு நாளாகச் சரியாகப் பேசாமல் இருந்தவர், குயின்ஸ் தம்பி எழுதியதை முழுதும் படித்துவிட்டு மகளைக் கூப்பிட்டு, "அந்த நாலு பேர் குழுவில் நீ முதலில் எந்த வேலை எடுப்பாய்?" என்று கேட்டார். அவள் யோசிக்காமல் "ஒலி" என்றாள். அவளுடைய படிப்பைப் பற்றிப் பணம் தவிர அவர் கேட்ட முதல் கேள்வி அது.

பிரியா அக்கா சொன்னபடி சனி, ஞாயிறு இரண்டு நாளும் விண்ணப்பம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஞாயிறு மாலை தமிழ்ப் பள்ளியிலிருந்து வரும் வழியில், காரில் வைத்து, ஃப்ரீமான்ட் அண்ணா மகன் எடுத்த அந்த இரண்டு நிமிடப் படத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். சாப்மனுக்கு எழுது என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் இந்த வருடம் சாப்மன் என்ன கேட்டிருக்கிறது என்று அவளே தேடி எடுத்தாள். நேற்று ராத்திரி என் கைகளைப் படம் எடுத்தாள். நான் மருத்துவமனை லேபில் இரவு ஷிஃப்ட், வீட்டுக்கு வந்தவுடன் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவேன். எதற்கு என்று கேட்டதற்கு இன்னும் தெரியாது என்றாள். எனக்கு அது போதும், கை வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

குயின்ஸ் தம்பி, ஒரு கேள்வி. ஒருவேளை இல்லை என்று வந்தால், அடுத்த வருடம் வேறு கல்லூரியிலிருந்து மாறி வர முயற்சி செய்யலாம் என்று டிஸ்கார்டில் பேசிக்கொள்கிறார்களாம். அதை இப்போதே அவள் மனதில் வைக்கலாமா?


குயின்ஸ் எடிட்டர்:

வேண்டாம் ஆன்ட்டி. மாறி வர வழி இருக்கிறது, வந்தவர்களும் எங்கள் வருடத்தில் இருந்தார்கள். ஆனால் அந்த நினைப்போடு ஒரு கல்லூரிக்குள் போனால் அங்கே யாருடனும் சேர்ந்து படம் எடுக்க மாட்டாள், ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டே இருப்பாள். முதல் வருடத்தில் கிடைக்கும் குழுதான் முக்கியம். போன இடத்தில் முழுசாக ஒரு வருடம் இருந்து பார்க்கட்டும், பிறகும் வேண்டும் என்று தோன்றினால் அப்போது பேசலாம்.

கை கழுவுவதை எடுக்கிறாள் என்றால் குழாய்ச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். போனையே தொட்டிக்குப் பக்கத்தில், துண்டின் மேல் வைத்தால் போதும். கேமராவில் பதிவாகும் ஒலி அவ்வளவு நன்றாக இருக்காது.


ஃப்ரீமான்ட் அப்பா:

நல்ல செய்தி சகோதரி. பர்ச்சேஸின் தேதியை ஒருமுறை அவர்கள் தளத்திலேயே சரிபாருங்கள், கலைப் படிப்புகளுக்குப் பொது விண்ணப்பத்தைவிட வேறு தேதி இருக்கலாம். கவுன்சலரைப் பார்த்தீர்களா?


எடிசன் அம்மா:

பார்த்தேன் அண்ணா. எமர்சனுக்கும் சாப்மனுக்கும் மதிப்பெண் பட்டியல் போய்விட்டது, பர்ச்சேஸுக்கு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புவதாகச் சொன்னார். தேதியை இன்று மாலை பார்க்கிறேன்.

முடிவு நாள் பற்றி அவளிடமே கேட்டேன். மாடியில் தனியாகப் பார்ப்பாளாம், பார்த்துவிட்டுக் கீழே வருவாளாம், அதுவரை நாங்கள் சமையலறையில் வழக்கம் போல இருக்க வேண்டுமாம். அந்த வாரம் என் ஷிஃப்டைப் பகலுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன். குழாய்ச் சத்த விஷயத்தையும் சொல்லிவிட்டேன், துண்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.